டெம்பர் செய்த பிறகு கடினம் கூடுமா, குறையுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில்தான். ஜெர்மனிக்குப் போகும், இஎன்19 என்ற எஃகு வகையில் செய்த ஷாஃப்ட்டுகளுக்கு (சுழல்தண்டுகளுக்கு) அறிக்கை எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதில் நான் எழுதிய வரி இது: “த ஷாஃப்ட் இஸ் டெம்பர்ட் டு 620 டிகிரீஸ் பை டூ அவர்ஸ் ஃபார் இன்க்ரீஸ் த ஹார்ட்னஸ் பிட்வீன் 30 டு 34 எச்ஆர்சி.” வாடிக்கையாளர் லாட்டை (அந்தத் தொகுதி ஷாஃப்ட்டுகளை) நிறுத்திவைத்துவிட்டு, ‘இந்த ஷாஃப்ட் குவென்ச் செய்யப்பட்டதா, இல்லையா? எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். மேலாளர் என்னை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரச் சொல்கிறார். ‘டெம்பர்’ என்ற சொல்லை ஆங்கில வாக்கியத்தில் எப்படிச் சரியாக எழுதுவது? வகுப்பில் சேர்ந்தால் இது சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வகுப்பில் சேர விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் இந்த வரிக்காகச் சேர வேண்டாம். உங்கள் வரியில் இலக்கணப் பிழைகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் லாட்டை நிறுத்தியது அந்தப் பிழைகள் அல்ல. அதைப் படித்த ஜெர்மானியப் பொறியாளருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ‘ஃபார் இன்க்ரீஸ்’ என்பதை ‘டு இன்க்ரீஸ்’ என்று அவர் மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு போயிருப்பார். அவரால் திருத்திக்கொள்ள முடியாதது ‘இன்க்ரீஸ்’ என்ற சொல். எஃகில் நடக்காத ஒன்றை அந்தச் சொல் சொல்கிறது.

உங்கள் ஷாஃப்ட்டுக்கு உலையில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். இஎன்19 கம்பியை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுகிறோம். அந்த நிலையில் அதன் உள்ளமைப்பு முழுவதும் ஆஸ்டனைட் ஆகிறது. கார்பன் அதில் கரைந்து நிற்கிறது. அங்கிருந்து எண்ணெயில் இறக்கிச் சட்டென்று குளிர்விக்கிறோம். இதுதான் குவென்ச்சிங். கார்பன் வெளியேற நேரம் கிடைக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட் என்ற கடினமான உள்ளமைப்பு பிறக்கிறது. அப்போது எடுத்துப் பார்த்தால் கடினம், எச்ஆர்சி என்ற ராக்வெல் அளவுகோலில், 50க்கு மேல் இருக்கும். அரம் போட்டால் பிடிக்காது. அந்த நிலையில் ஷாஃப்ட் யாருக்கும் பயன்படாது. உள்ளே அடைபட்ட தகைவு (ஸ்ட்ரெஸ்) வேறு இருப்பதால், அதிக நேரம் அப்படியே கிடந்தால் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. அதனால்தான் எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு அடுத்த உலைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே 620 டிகிரியில் இரண்டு மணி நேரம். சிக்கியிருந்த கார்பன் நுண்ணிய கார்பைடுகளாக வெளியே வருகிறது. கடினம் 50க்கு மேலிருந்து 30–34க்கு இறங்குகிறது. அதற்குப் பதிலாக, அடி தாங்கும் திறன் ஏறுகிறது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் டெம்பரிங் என்று பெயர். அது கடினத்தை விலையாகக் கொடுத்து, முறியாமல் தாங்கும் தன்மையை வாங்கும் வேலை.

இப்போது வாடிக்கையாளரின் இடத்தில் உட்கார்ந்து உங்கள் வரியைப் படியுங்கள். டெம்பர் செய்ததால் கடினம் 30–34க்கு ஏறியது என்கிறீர்கள். அப்படியானால் அதற்கு முன் ஷாஃப்ட் 30ஐவிட மென்மையாக இருந்தது என்றாகிறது. குவென்ச் ஆன இஎன்19 அவ்வளவு மென்மையாக இருக்காது. குவென்ச் ஆகாத கம்பியை 620 டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கடினம் ஏறாது. ஆகவே ஒன்று, குவென்ச்சிங் நடக்கவில்லை; அல்லது, எழுதியவருக்கு நடந்தது தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் லாட்டை நிறுத்துவதுதான் அவர் கடமை. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் ஒருவருடைய குழப்பம் அல்ல. நம் பட்டறைகளில் ‘டெம்பர்’ என்றால் கடினம் என்றே பொருள். அரிவாள் மழுங்கினால் டெம்பர் இறங்கிவிட்டது என்கிறார்கள். உளியை அடித்துக் கொடுக்கும்போது டெம்பர் ஏற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். கொல்லர் உளிமுனையைத் துவைச்சல் வைப்பதை, அதாவது அதற்குப் பதம் ஏற்றுவதை, பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். முனையைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் முக்குவார். உடனே எடுத்து, நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். தண்டில் மிச்சம் இருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி ஓடி வரும். பளபளப்பின் மேல் முதலில் வெளிறிய வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகரும். வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி அளவில் தோன்றும். நீலம் 300ஐ ஒட்டி. வேண்டிய நிறம் வெட்டுவாய்க்கு வந்த நொடியில் உளியை மறுபடி தண்ணீரில் போட்டுவிடுவார். முதல் முக்கு ஹார்டனிங், அதாவது கடினமாக்கல். நிறம் ஓடும் அந்தச் சில நொடிகள் டெம்பரிங். இரண்டாவது முக்கு அந்த டெம்பரிங்கை நிறுத்துவதற்கு. ஒரே சூட்டில், ஒரே மூச்சில் இரண்டும் முடிந்துவிடுவதால் அங்கே இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலேயத் தொழிலாளர்களிடமும் இதே பழக்கம் இருந்தது. எஃகின் கடின நிலையையே டெம்பர் என்று சொல்லி, அதை மென்மையாக்குவதை ‘டிரா த டெம்பர்’ என்றார்கள். ஆகவே பட்டறைப் பேச்சு தவறில்லை. ஆனால் உங்கள் ஆலையில் இரண்டு வேலைக்கும் இரண்டு உலை, இரண்டு சார்ட் (உலையின் வெப்பநிலைப் பதிவு), இரண்டு வெப்பநிலை. அறிக்கையிலும் இரண்டு சொல் வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் ஜெர்மானியர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. குவென்ச்சிங்கும் டெம்பரிங்கும் சேர்ந்த முழு வேலைக்கு ஜெர்மன் மொழியில் ‘ஃபெர்கூட்டன்’ என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது. டெம்பரிங்குக்கு மட்டும் ‘அன்லாஸன்’ என்பார்கள். இவை போக ‘டெம்பெர்ன்’ என்றும் ஒரு சொல் அவர்களிடம் இருக்கிறது. அது நம்முடைய டெம்பரிங் அல்ல. வார்ப்பிரும்பை நீண்ட நேரம் சூட்டில் வைத்து வளையும் தன்மை வரவைக்கும் வேலைக்கு அந்தப் பெயர். அப்படி வரும் இரும்புக்கு ‘டெம்பர்குஸ்’ என்று பெயர். உங்கள் வரியில் ‘டெம்பர்ட்’ என்ற சொல் தனியாக நின்றது. பக்கத்தில் ‘குவென்ச்ட்’ இருந்திருந்தால் அவருக்கு ஐயமே வந்திருக்காது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 10083 (2018இல் இஎன் ஐஎஸ்ஓ 683 அதன் இடத்துக்கு வந்தது) இந்த நிலையை ‘குவென்ச்ட் அண்ட் டெம்பர்ட்’ என்று சேர்த்தே எழுதியது. ‘கூட்டல் குறி கியூடி’ என்பது அதன் சுருக்கம். அந்த ஜோடியை நீங்களும் பிரிக்காமல் எழுதிப் பழகுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: இஎன்19இல் உள்ள இஎன்னும் இஎன் 10083இல் உள்ள இஎன்னும் ஒன்றல்ல. முன்னது பழைய பிரிட்டிஷ் தரநிலையின் எண். பின்னது ஐரோப்பியத் தரநிலை. ஜெர்மனிக்கு எழுதும்போது இஎன்19 என்பதோடு, அதற்கு இணையான 42 சிஆர்எம்ஓ 4 என்ற பெயரையும், ஆர்டரில் அவர் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே குறிப்பிடுங்கள்.

‘டெம்பர்ட் என்றால் அதற்கு முன் குவென்ச் ஆனது என்று புரிந்துகொள்ள வேண்டியதுதானே’ என்று உங்கள் மேலாளர் கேட்கலாம். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. திருச்சியில் கொதிகலன் வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் கையாளும் பி91 குழாய்கள் ‘நார்மலைஸ்ட் அண்ட் டெம்பர்ட்’ நிலையில் வருகின்றன. 1040 முதல் 1080 டிகிரி வரை சூடேற்றிக் காற்றிலேயே ஆறவிட்டால் போதும். அந்த எஃகில் இருக்கும் குரோமியத்தின் அளவுக்குக் காற்றிலேயே மார்ட்டென்சைட் உருவாகிவிடும். பிறகு 730 முதல் 800 டிகிரிக்குள் டெம்பரிங். அங்கே குவென்ச் என்ற பேச்சே இல்லை. ஆகவே டெம்பரிங்குக்கு முன் என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதினால்தான் படிப்பவருக்குத் தெரியும்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் மிகக் கொஞ்சம். அட், ஃபார், இன், டு என்ற நான்கு சிறு சொற்கள் எதற்கு முன்னால் வரும் என்பது தெரிந்தால் அறிக்கையில் முக்கால் பங்கு முடிந்தது.

வெப்பநிலைக்கு முன்னால் ‘அட்’. ‘டெம்பர்ட் அட் 620 டிகிரீஸ் செல்சியஸ்’. நேரத்துக்கு முன்னால் ‘ஃபார்’. ‘ஃபார் டூ அவர்ஸ்’. எதற்குள் நடந்ததோ அதற்கு முன்னால் ‘இன்’. ‘குவென்ச்ட் இன் ஆயில்’, ‘டெம்பர்ட் இன் நைட்ரஜன்’. எண்ணெய் கருவிதானே, அதனால்தானே குளிர்வித்தோம் என்று எண்ணி ‘வித் ஆயில்’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். தமிழில் ‘எண்ணெயில் குளிர்வித்தோம்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ‘இல்’ ஆங்கிலத்தில் ‘இன்’ ஆகிறது.

‘டு’ என்பதில்தான் கவனம் வேண்டும். டெம்பர் என்ற வினைக்குப் பின் ‘டு’ வந்தால், அடுத்து வருவது எட்டிய கடினம். ‘டெம்பர்ட் டு 32 எச்ஆர்சி’ என்றால், கடினம் 32க்கு இறங்கும்வரை டெம்பர் செய்யப்பட்டது என்று பொருள். நீங்கள் ‘டெம்பர்ட் டு 620’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளையாக அதன் பின்னால் ‘டிகிரீஸ்’ இருக்கிறது. அது விடுபட்டிருந்தால், படிப்பவர் 620ஐ விக்கர்ஸ் என்ற இன்னோர் அளவுகோலின் கடினமாக எடுத்துக்கொள்ளலாம். 620 விக்கர்ஸ் என்பது ஏறத்தாழ 56 எச்ஆர்சி. ஷாஃப்ட் டெம்பர் ஆகவே இல்லை என்று அதற்குப் பொருளாகிவிடும். வெப்பநிலையோடு ‘டு’ போட வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள்: ‘ஹீட்டட் டு 620 டிகிரீஸ் செல்சியஸ்’. சூடு அந்தப் புள்ளிக்கு ஏறுகிறது, அதனால் ‘டு’. டெம்பரிங் அந்தப் புள்ளியில் நின்று நடக்கிறது, அதனால் ‘அட்’.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு மணி நேரம் என்று எழுதினால் எப்போதிலிருந்து? உலைக்கதவை மூடியதிலிருந்தா, ஷாஃப்ட் 620ஐத் தொட்டதிலிருந்தா? கனமான ஷாஃப்ட்டில் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேரவே நல்ல நேரம் ஆகும். ‘ஃபார் டூ அவர்ஸ் அட் டெம்பரேச்சர்’ என்று எழுதினால், சூடு ஏறிய பிறகு இரண்டு மணி நேரம் என்பது தெளிவாகிவிடும். இந்த இரண்டு சொற்களைச் சேர்க்கும் அறிக்கை எனக்குப் பிடிக்கும். எழுதியவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது.

‘பிட்வீன் 30 டு 34’ என்பது இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கும் பிழை. ‘பிட்வீன்’ வந்தால் ‘அண்ட்’ வர வேண்டும்; ‘ஃப்ரம்’ வந்தால் ‘டு’. அலகு எண்ணுக்குப் பின்னால்: 32 எச்ஆர்சி. பெயர்களில் ராக்வெல், பிரினெல், விக்கர்ஸ் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்குங்கள். மார்ட்டென்சைட் என்ற சொல் ஆடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரிலிருந்தும், ஆஸ்டனைட் என்ற சொல் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்தும் வந்தவை என்றாலும், அவை பொருளின் பெயராகிவிட்டதால் வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்தில்தான் எழுதுவார்கள்.

ஆக உங்கள் வரி இப்படி ஆகிறது: “த ஷாஃப்ட்ஸ் வேர் ஆஸ்டனிடைஸ்ட் அட் 850 டிகிரீஸ் செல்சியஸ், குவென்ச்ட் இன் ஆயில், அண்ட் டெம்பர்ட் அட் 620 டிகிரீஸ் செல்சியஸ் ஃபார் டூ அவர்ஸ் அட் டெம்பரேச்சர். த ஃபைனல் ஹார்ட்னஸ் வாஸ் பிட்வீன் 30 அண்ட் 34 எச்ஆர்சி.” காரணத்தைச் சொல்லும் பகுதியை நான் எடுத்துவிட்டேன். டெம்பரிங் ஏன் செய்யப்படுகிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது என்ன செய்யப்பட்டது என்பது. நீங்கள் ‘இஸ்’ என்று எழுதிய இடத்தில் ‘வேர்’ வந்திருப்பதையும் கவனியுங்கள். முடிந்த வேலையை அறிக்கையில் இறந்தகாலத்தில் எழுத வேண்டும். அதே வேலையை நாளை செயல்முறைக் குறிப்பேட்டில் எழுதினால் ‘ஷெல் பி டெம்பர்ட்’ என்று எழுதுங்கள். தரநிலைகளின் மொழியில் ‘ஷெல்’ என்றால் கட்டாயம். ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ‘மே’ என்றால் அனுமதி. அறிக்கையில் ‘ஷெல்’ எழுதிவிடாதீர்கள். இன்னும் செய்யவில்லை என்று பொருளாகும்.

ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. அதை உங்கள் பிரிவில் எல்லோருக்கும் சொல்லுங்கள். டெம்பர் என்பதில் இரண்டாவது எழுத்து ஆங்கில ‘இ’. அங்கே ‘ஏ’ விழுந்துவிட்டால் அது ‘டேம்பர்’ என்ற வேறு சொல்லாகிவிடும். ‘த சாம்பிள்ஸ் வேர் டேம்பர்ட்’ என்றால், மாதிரிகளில் யாரோ கைவைத்து முறைகேடு செய்திருக்கிறார்கள் என்று பொருள். தரச்சான்றிதழில் இதைவிட மோசமான வாக்கியம் இருக்க முடியாது. கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான். அறிக்கையை அனுப்புமுன் அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் உருவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘டெம்பரிங்’ என்பது வேலை. ‘டெம்பர்ட்’ என்பது அந்த வேலை முடிந்த பொருள். ஆகவே டெம்பரிங் ஃபர்னஸ், டெம்பரிங் டெம்பரேச்சர். ஆனால் டெம்பர்ட் மார்ட்டென்சைட், டெம்பர்ட் ஷாஃப்ட். ‘டெம்பர்ட் டெம்பரேச்சர்’ என்று எழுதினால் வெப்பநிலையை உலையில் வைத்தது போலாகிவிடும். வெறும் ‘டெம்பர்’ பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் பொருள் விலகிப் போகிறது. இங்கே நின்று பார்க்க வேண்டும்.

அலுமினியத்தில் ‘டெம்பர்’ என்றால் ஒரு வேலையே அல்ல, ஒரு நிலை. 6061-டி6 என்று எழுதுகிறோமே, அந்த டி6 ஒரு டெம்பர். உலோகத்தைச் சூடேற்றிக் கலப்புப் பொருள்களைக் கரைத்து, விரைவாகக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றிய நிலை என்று அதற்குப் பொருள். அந்த மிதமான சூட்டில் அலுமினியம் கடினமாகிறது, எஃகுக்கு நேர்மாறு. சூடேற்றி முழுவதும் மென்மையாக்கிய நிலைக்கும் அங்கே டெம்பர் என்றே பெயர்: ‘ஓ’ டெம்பர். தகட்டை உருட்டிக் கடினமாக்கிய நிலை எச்14 என்றால், அதுவும் ஒரு டெம்பர்தான். உலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே ‘த பார் வாஸ் டெம்பர்ட் டு டி6’ என்று எழுதக் கூடாது. ‘த பார் வாஸ் சப்ளைட் இன் த டி6 டெம்பர்’ என்று எழுத வேண்டும். எஃகில் பழகிய கை அலுமினிய அறிக்கைக்குப் போகும்போது இங்கேதான் வழுக்குகிறது. கண்ணாடியும் இப்படித்தான். டெம்பர்ட் கிளாஸ் என்பது சூடேற்றிக் காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்வித்தது. எஃகுக்காரர்கள் கணக்கில் அது குவென்ச். பிரிட்டிஷ் வழக்கில் அதை டஃபன்ட் கிளாஸ் என்கிறார்கள். எனக்கு அதுதான் தெளிவாகப் படுகிறது.

பின்னாளில் முறிவு ஆய்வறிக்கை எழுதும் வேலை உங்களுக்கு வரும். அதற்காக இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லிவைக்கிறேன். ஒரே மாதிரி தோன்றும், ஒன்றல்ல. எம்பிரிட்டில்மென்ட் என்றால் எஃகு எளிதில் உடையும்படி ஆகிவிடுவது. ‘டெம்பர் எம்பிரிட்டில்மென்ட்’ என்பது எஃகை ஏறத்தாழ 375 முதல் 575 டிகிரி வரையிலான வட்டாரத்தில் நெடுநேரம் வைத்தாலோ, அந்த வட்டாரத்தின் வழியாக மெதுவாக ஆறவிட்டாலோ வருவது. பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி போன்ற மாசுகள் பழைய ஆஸ்டனைட் மணிகளின் (கிரெயின்களின்) எல்லைகளில் போய் உட்கார்ந்துகொள்வதால், அந்த எல்லைகள் வழியாக உடைகிறது. மறுபடி அதற்கு மேல் சூடேற்றி வேகமாக ஆற்றினால் போய்விடும். உங்கள் இஎன்19இல் இருக்கும் மாலிப்டினம் அதைப் பெருமளவு தடுக்கிறது. ‘டெம்பர்ட் மார்ட்டென்சைட் எம்பிரிட்டில்மென்ட்’ வேறு. அது குவென்ச் ஆன எஃகை ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரிக்குள் டெம்பர் செய்தால் வருவது. எவ்வளவு வேகமாக ஆற்றினாலும் போகாது. முதல் நோயைக் கண்டவர் ஆற்றும் வேகத்தை மாற்றச் சொல்வார். இரண்டாவதைக் கண்டவர் டெம்பரிங் வெப்பநிலையையே மாற்றச் சொல்வார். பெயரில் ஒரு சொல் விட்டுப்போனால் மருந்தே மாறிவிடும். ‘டெம்பரிங் எம்பிரிட்டில்மென்ட்’ என்று நடுவாந்தரமாக ஒன்றை எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

மேலே டெம்பரிங் கடினத்தைக் குறைக்கும் என்று சொன்னேன். விதிவிலக்கு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. வெட்டுக் கருவிகளுக்கான எம்2 போன்ற ஹை ஸ்பீடு எஃகுகளை 550 டிகிரியை ஒட்டி டெம்பர் செய்யும்போது, குறைந்துகொண்டு வந்த கடினம் மறுபடி ஏறுகிறது. நுண்ணிய கலப்புக் கார்பைடுகள் பிறப்பதும், மிச்சமிருந்த ஆஸ்டனைட் ஆறும்போது மார்ட்டென்சைட்டாக மாறுவதும் காரணம். புதிதாக வந்த அந்த மார்ட்டென்சைட்டை மறுபடி டெம்பர் செய்ய வேண்டியிருப்பதால்தான் அவற்றுக்கு இரண்டு மூன்று முறை டெம்பரிங். அங்கே ‘டபுள் டெம்பர்ட்’, ‘ட்ரிபிள் டெம்பர்ட்’ என்று எழுதுவார்கள். அந்த எஃகைப் பற்றி எழுதினால் ‘இன்க்ரீஸ்’ பொருந்தலாம். இஎன்19க்குப் பொருந்தாது.

படிக்க என்ன வாங்குவது என்று தயங்க வேண்டாம். ஐஎஸ்ஓ 4885 என்பது இரும்பு, எஃகின் ஹீட் ட்ரீட்மென்ட் சொற்களுக்கான தரநிலை. அமெரிக்க வழக்குக்கு ஏஎஸ்டிஎம் ஏ941. உங்கள் ஆலையில் இருக்கும். இல்லையென்றால் மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். வகுப்புக்கு ஆகும் பணத்தைவிட இதற்கு ஆகும் பணம் நியாயமானது. அதில் டெம்பரிங், ஸ்ட்ரெஸ் ரிலீவிங், அனீலிங் ஆகிய மூன்றின் வரையறைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக உங்கள் கையாலேயே எழுதி, பக்கத்தில் அன்றைய உலைச் சார்ட் ஒன்றை வைத்துக்கொண்டு, இது எந்த வரையறைக்குள் விழுகிறது என்று பாருங்கள். எந்திரத்தில் கடைந்த பிறகு தகைவை எடுக்க மறுபடி உலையில் வைக்கும் ஷாஃப்ட்டை ‘டெம்பர்ட் அகெய்ன்’ என்று எழுதும் பழக்கம் பல ஆலைகளில் இருக்கிறது. அது ஸ்ட்ரெஸ் ரிலீவிங். டெம்பரிங் வெப்பநிலைக்குக் கீழேயே அதை முடிக்க வேண்டும். மேலே போனால் கடினம் மீண்டும் இறங்கிவிடும். சொல்லைச் சரியாக எழுதினால் அந்த வரம்பும் நினைவுக்கு வரும்.

வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில் விளக்கமோ வருத்தமோ நீளமாக வேண்டாம். “வி கன்ஃபர்ம் தட் த ஷாஃப்ட்ஸ் வேர் ஆயில் குவென்ச்ட் பிஃபோர் டெம்பரிங். த வேர்டிங் இன் அவர் ரிப்போர்ட் வாஸ் இன்கரெக்ட். எ கரெக்டட் ரிப்போர்ட் அண்ட் த ஃபர்னஸ் சார்ட்ஸ் ஆர் அட்டாச்ட்.” இந்த மூன்று வாக்கியங்கள் போதும். குவென்ச் ஆனவுடன் எடுத்த கடின அளவு பதிவாகியிருந்தால், ‘ஆஸ்-குவென்ச்ட் ஹார்ட்னஸ்’ என்ற தலைப்பில் அதையும் இணைத்துவிடுங்கள். 50க்கு மேல் நிற்கும் அந்த ஓர் எண், அவர் கேட்ட கேள்விக்கு எந்த வாக்கியத்தையும்விட நேரான பதில்.

ஆனால் ‘கன்ஃபர்ம்’ என்று எழுதும் முன் அந்த லாட்டின் இரண்டு சார்ட்டுகளையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். குவென்ச் ஆனது என்று உங்கள் கடிதத்தில் எங்கும் நீங்கள் சொல்லவில்லை. ஆகியிருக்கும் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். 850 டிகிரி சார்ட்டில் அந்த லாட் எண் இல்லை என்றால், எண்ணெய்த் தொட்டியின் பதிவேட்டிலும் இல்லை என்றால், பதில் எழுத வேண்டாம். நேராக மேலாளரிடம் போங்கள். லாட் அங்கேயே நிற்கட்டும்.